ஐப்பசி மழைக்கு முன் சிறிய பால்கனி

சென்னை அடுக்குமாடி வீடுகளில் பால்கனிக்குக் கிடைக்கும் அகலம் பெரும்பாலும் நான்கடிதான். அதற்கான நாற்காலி, மேசை, செடிகளைத் தேர்ந்தெடுக்கப் புரட்டாசியின் கடைசி வாரங்கள் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. நகரத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் டிசம்பருக்குள் பெய்துவிடும். எனவே இப்போது வாங்கும் எதற்கும் ஒரே அளவுகோல் போதும்: ஒருவரே தூக்கிக் கதவு வழியாகக் கூடத்துக்குள் கொண்டுபோக முடிய வேண்டும். முடியாதென்றால், எவ்வளவு அழகான பொருளானாலும் அதைத் தவிர்ப்பதே சரி.

முதலில் திசையைப் பார்க்க வேண்டும். கோடை இடிமழை பெரும்பாலும் மாலையில் மேற்கிலிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகை மழை கடற்பக்கமிருந்து காற்றோடு சாய்ந்து விழும். ஜூனில் நனையாத மூலை நவம்பரில் நனையும். கிழக்கும் வடக்கும் பார்த்த பால்கனிகளில் சாரல் கதவுவரை எட்டுவதால், உட்காரும் இடத்தைப் பக்கச்சுவரை ஒட்டி அமைப்பது நல்லது.

அடுத்தது தரை. கடைக்குப் போகும் முன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது வடிகுழாயை நோக்கி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நீர் தேங்கும் இடத்தில் மரக்காலோ இரும்புக்காலோ நிற்கக் கூடாது. வடிகாலின் ஜாலியைக் கழற்றி, சருகையும் மண்ணையும் இப்போதே அள்ளிவிட வேண்டும். செயற்கைப் புல்லும் அலங்காரக் கூழாங்கல்லும் அடியில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அடைப்பையும் கண்ணிலிருந்து மறைக்கும். தை மாதம்வரை தரை வெறுமையாக இருப்பதே மேல்.

நான்கடி அகலத்தில் ஒரு நாற்காலி இரண்டடியை எடுத்துக்கொண்டால், நடக்க மீதி இரண்டடி. அதனால் நாற்காலிகளைக் கைப்பிடியை ஒட்டி வரிசையாகப் போடாமல், குறுகிய பக்கத்தில் நீளவாக்கைப் பார்த்துப் போட்டால் வழி அடையாது. இரண்டு மடக்கு நாற்காலியும் சுவரில் பொருத்திய மடக்குப் பலகையும் இருவர் காபி குடிக்கத் தாராளம். வெளிப்பக்கம் திறக்கும் கதவானால் அது சுழலும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு கைப்பிடிக்குக் குறைந்தது ஒரு மீட்டர் உயரம் கேட்கிறது. அதன் அருகில் ஒன்றரை அடி முக்காலி ஒன்று கிடந்தால், குழந்தைக்கு அது ஏறும் படி. குழந்தை உள்ள வீட்டில் ஏறி நிற்கக்கூடிய எதுவும் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

பொருளின் தன்மையில்தான் பணம் அதிகம் வீணாகிறது. பிரம்பும் மூங்கிலும் கோடையில் அருமையானவை; தொடர் மழையிலோ ஈரத்தை உறிஞ்சிக் கரும்பூசணம் பிடிக்கும். ஏற்கெனவே இருந்தால் உள்ளே எடுத்துவைக்கலாம். புதிதாக வாங்கப் பொங்கல் கழியட்டும். மரத்தூள் பலகையில் செய்த மலிவு மேசை, திருகாணி இறங்கிய இடத்தில் ஊறிப் பிளக்கும். தேக்கு தன் இயற்கை எண்ணெயால் தாங்கும், ஆனால் கனம். பவுடர் கோட்டிங் செய்த இரும்பு நாற்காலியில் துரு தொடங்குவது வெல்டிங் மூட்டிலும் கால் நுனியிலும்தான். வாங்கும்போது அங்கே விரலால் தடவிப் பார்த்து, காலுக்கு ரப்பர் புஷ் போட்டுவிட வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பை இன்னும் விரைவாகத் தின்னும். அங்கே அலுமினியச் சட்டத்தில் செயற்கைப் பிரம்பு பின்னிய நாற்காலியே உழைக்கும். திண்டுகளின் உறை கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். மாலையில் அவை உள்ளே வந்துவிட வேண்டும். துணி உலர்த்தக் கூரையில் கப்பியோடு ஏறி இறங்கும் கொடி பொருத்தினால் தரையில் ஸ்டாண்டு தேவையில்லை.

செடிகளில் முக்கியம் எடை. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875 வீட்டுப் பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ பளுவைக் கணக்கிடுகிறது. நனைந்த மண் நிரம்பிய 12 அங்குலத் தொட்டி ஒன்றே 25 கிலோவைத் தாண்டலாம். சுவரிலிருந்து வெளியே நீட்டிய தளத்தில் பளு எவ்வளவு விளிம்புக்குப் போகிறதோ அவ்வளவு அழுத்தம் தளத்தின் வேர்ப்பகுதியில் ஏறும். ஆகவே கனத்த தொட்டி வீட்டுச்சுவரை ஒட்டி நிற்க வேண்டும். மண்ணோடு தென்னை நார்க்கழிவு கலந்தால் எடை குறையும். புதினாவும் மணி பிளான்ட்டும் மழையில் தழைக்கும். கற்றாழை சாரல் படாத இடத்துக்குப் போக வேண்டும். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டை இப்போதே எடுத்துவிடலாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தட்டு தேவைப்பட்டால் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்க்க வேண்டும்.

தீபாவளிச் சரவிளக்கு வெளிப்புறத்துக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். அதன் பிளக் வீட்டுக்குள்ளேயே இருப்பது பாதுகாப்பு.

புயல் எச்சரிக்கை வந்தால் தொங்கும் தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, மூங்கில் தட்டி அனைத்தையும் அன்று பகலிலேயே உள்ளே எடுக்க வேண்டும். தட்டியைக் கழற்ற முடியாவிட்டால் சுருட்டி இறுகக் கட்டலாம். விரிந்த தட்டி கப்பல் பாய்போல் காற்றை வாங்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் மையம் சென்னையைக் கடந்தபோது காற்று இடையில் தணிந்து, பின்னர் எதிர்த்திசையிலிருந்து வீசியது. அத்தகைய அமைதியில் எதையும் வெளியே எடுத்துவைக்கக் கூடாது. புயல் முழுதும் கடந்துவிட்டதென்று வானிலை மையம் அறிவித்த பிறகு, முதலில் வடிகாலைப் பார்த்துவிட்டு நாற்காலிகளை வெளியே போடலாம்.