எழுபத்திரண்டால் ஒரு கணக்கு

பத்து வயது நிறைந்த சிறார் தம் பெயரில் சேமிப்புக் கணக்கும் வைப்புக் கணக்கும் தொடங்கித் தாமே இயக்குவதற்கு வங்கிகள் இடமளிக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் அறிவித்தது. ஏறத்தாழ அப்பருவத்திலேயே திறன்பேசியும் பிள்ளைகளின் கைக்கு வந்துவிடுகிறது. எனவே சமூக ஊடகத்தில் அவர்கள் காண்பதும் கற்பதும் வங்கியாளரின் கவனத்திற்கும் உரியவையே.

வாடிக்கையாளர் ஒருவர், பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பயிலும் மகளுடன் எமது கிளைக்கு வந்தார். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறித்து, மாதம் 10 விழுக்காடு ஆதாயம் தருவதாகச் சொல்லும் திட்டமொன்றில் இட விரும்பினார். அக்காணொளியை இன்ஸ்டாகிராமில் கண்டவர் மகளல்லர், தந்தையே!

“சார், 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிக்கும் காலம் கிடைக்கும் அல்லவா?” என்றாள் மகள். பள்ளிப் பாடத்தில் இல்லாத இவ்விதியை யூடியூபில் கற்றாளாம். மூவரும் கணக்கிட்டோம். ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டியெனில் இரட்டிக்கப் பத்தாண்டுகளுக்குச் சற்று மேலாகும். மாதம் 10 விழுக்காடு எனில் ஏழு மாதங்களும் சில நாட்களுமே போதும். ஆதாயத்தையும் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால், 10,000 ரூபாய் ஓராண்டில் 31,384 ரூபாயாகும். (உயர் விகிதங்களில் இவ்விதி தோராயமானது; ஆகவே இறுதித் தொகையைக் கணிப்பானில் சரிபார்த்தோம்.)

“எந்த வியாபாரம், சார், ஒரு வருடத்தில் மூன்று மடங்கு தரும்?” என்று அவள் வினவியபோது தந்தை விடை கூறவில்லை. பின்னர் அதே திறன்பேசியில் செபியின் இணையதளத்தைத் திறந்து, பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர் பட்டியலில் அக்காணொளியாளரின் பெயரைத் தேடினாள். இல்லை. வைப்புத்தொகை முறிக்கப்படவில்லை.

உறவினர் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கச் சல்மான் கான் 2006-இல் யூடியூபில் ஏற்றத் தொடங்கிய பாடங்களே பின்னர் கான் அகாடமியாக வளர்ந்தன. அதே ஊடகங்களில்தான், “உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, பணம் தருகிறோம்” என்று மாணவரை அணுகுவோரும் உள்ளனர். அவ்வாறு கொடுத்த கணக்கின் வழியே மோசடிப் பணம் சென்றால் கணக்கு முடக்கப்படும். காவல்துறை விசாரணை கணக்கு உரிமையாளரையே முதலில் தேடிவரும். கடவுச்சொல், ஏடிஎம் அட்டை, சிம் அட்டை ஆகியவற்றை நண்பருக்கும் தரலாகாது. பணம் பறிபோயிருப்பின் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துவிட்டு, கிளைக்கும் தெரிவியுங்கள்.

அம்மாணவி 72 விதியைப் பற்றி வகுப்புத் தோழியருக்காகத் தமிழில் இரண்டு நிமிடக் காணொளி ஒன்று தயாரித்து எனக்கு அனுப்பியிருந்தாள். ஓரிடத்தில் தனிவட்டிக்கும் அதே விதி பொருந்தும் எனக் கூறியிருந்தாள். திருத்திய பின் வெளியிடுமாறு எழுதினேன்.