மிக்ஸிங் கூலி: வேலையை வெளியே கொடுப்பவர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

களமருதூர், திருநாவலூர், உளுந்தூர்பேட்டை என்று நம் பக்கத்தில் கேமரா வைத்திருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேகம் எதுவானாலும் ஃபுல் வீடியோ வேண்டும். ஹைலைட்ஸ், டீசர், ரீல்ஸ் வேண்டும். படம் எடுப்பவர் ஊரில் இருக்கிறார். மிக்ஸிங், அதாவது எடிட்டிங், செய்பவர் கள்ளக்குறிச்சியிலோ விழுப்புரத்திலோ தன் வீட்டு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறார். இருவருக்கும் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் கூலியில்தான். “அஞ்சு நிமிஷ வீடியோவுக்கு இவ்வளவா?” என்பார் ஒருவர். “ரெண்டு ராத்திரி கண் முழிச்சேன் அண்ணே” என்பார் மற்றவர். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முடிந்த வீடியோவின் நீளத்தை அவர் அளக்கிறார். உட்கார்ந்த நேரத்தை இவர் அளக்கிறார். நேரத்தை வைத்துப் பேசும் கூலிதான் கடைசிவரை நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

செய்ய வேண்டியவை

1. ஃபுட்டேஜ் எத்தனை மணி நேரம் என்பதை முதலில் சொல்லுங்கள். “ஒரு கல்யாணம், எவ்வளவு?” என்று கேட்டால் யாராலும் நியாயமான விலை சொல்ல முடியாது. ராத்திரி ரிசப்ஷன், காலை முகூர்த்தம், இரண்டு கேமரா என்றால் 6 மணி நேர ஃபுட்டேஜ் சாதாரணமாக வந்துவிடும். ஒருமுறை ஓட்டிப் பார்க்கவே 6 மணி நேரம் போய்விடும். இரண்டு கேமராவையும் ஒலியை வைத்து ஒத்திசைக்க வேண்டும், வெட்ட வேண்டும், மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும், பாட்டு சேர்த்து, எக்ஸ்போர்ட் போட்டு, மறுபடி முழுதாகப் பார்க்க வேண்டும். என் கணக்கில் இது நிதானமான 3 நாள் வேலை. அதே கல்யாணத்தின் 5 நிமிட ஹைலைட்ஸுக்கு இன்னும் 2 நாள் ஆகும். நீளம் குறையக் குறைய எதை விடுவது என்ற யோசனை கூடுகிறது. அந்த யோசனைக்கும் கூலி உண்டு.

2. நாள் கூலியை நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எடிட்டருக்குக் குடும்பம் நடத்த மாதம் 25,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட், இன்டர்நெட், சாஃப்ட்வேர் சந்தா, ஹார்ட் டிஸ்க், கம்ப்யூட்டர் தேய்மானம் எல்லாம் சேர்த்து 5,000. ஆக மொத்தம் 30,000. மாதத்தில் 20 நாளுக்கு மேல் கூலி வரும் வேலை கிடைக்காது. மீதி நாள் பேசுவதிலும் அனுப்புவதிலும் போகும். அப்படியானால் ஒரு நாளுக்கு 1,500 ரூபாய். மூன்று நாள் ஃபுல் வீடியோவுக்கு 4,500, ஹைலைட்ஸுக்கு 3,000, 3 மணி நேரம் பிடிக்கும் ஒரு ரீலுக்கு 550 அல்லது 600. கைதேர்ந்தவருக்குக் கூடும், பழகுகிறவருக்குக் கொஞ்சம் குறையும். இந்தத் தொகை உங்கள் கைக்கு மீறியது என்றால் எடிட்டரின் விலையில் வெட்டாதீர்கள். கல்யாண வீட்டாரிடம் பேகேஜ் பேசும்போதே மிக்ஸிங் கூலியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

3. எதெல்லாம் சேர்த்தி என்று எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் நாலு வரி போதும்: என்னென்ன வீடியோ, எந்தத் தேதிக்குள், எத்தனை முறை கரெக்‌ஷன், மொத்தம் எவ்வளவு. இரண்டு சுற்று கரெக்‌ஷன் கூலிக்குள் அடக்கம், மூன்றாவதிலிருந்து மணிக்கு இவ்வளவு என்பது இரு பக்கமும் தாங்கும் ஏற்பாடு. எடிட்டர் செய்த பிழையைத் திருத்துவது இந்தக் கணக்கில் வராது. “மாமா ஃபோட்டோவை இன்னும் கொஞ்சம் முன்னாடி வையுங்க” என்பது வரும்.

புராஜெக்ட் ஃபைல் வேண்டுமா, முடிந்த வீடியோவின் உரிமை யாருக்கு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். யூடியூப் சேனல் நடத்துபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

4. அட்வான்ஸ் கொடுங்கள். தொடங்கும்போது மூன்றில் ஒரு பங்கு, ரஃப் கட் பார்த்ததும் ஒரு பங்கு, இறுதி ஃபைல் கைக்கு வரும்போது மீதி.

5. ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். 100 எம்பிபிஎஸ் தரத்தில் எடுத்த 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். 6 மணி நேரத்துக்கு 270 ஜிபி. 50 எம்பிபிஎஸ் வேகத்தில் தடையே இல்லாமல் அப்லோடு போனாலும் 12 மணி நேரம் ஆகும். அதனால்தான் நம் ஊரில் ஹார்ட் டிஸ்க்கையே பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறோம். வெள்ளிமலையிலோ கல்வராயன் மலையின் உள் கிராமங்களிலோ படம் எடுத்தவருக்கு வேறு வழியும் இல்லை. அந்த டிஸ்க் கீழே விழுந்தால் தாலி கட்டிய நேரம் திரும்பி வராது. இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கின் விலையும் கொண்டுபோய் கொண்டுவரும் செலவும் உங்களுடையவை. எடிட்டரின் கூலியில் பிடிக்கக்கூடாது.

6. அவசரத்துக்குத் தனியாகக் கொடுங்கள். முகூர்த்தம் முடிந்த அன்று மாலையே டீசர் வேண்டும் என்றால் வேறு ஒருவரின் வேலையை அவர் தள்ளிவைக்கிறார். ஒன்றரை மடங்கு நியாயம். அவசரம் இல்லாத வேலையை ஆடிக்கும் மார்கழிக்கும் ஒதுக்கினால் நிதானமாகவும் நன்றாகவும் செய்து தருவார்கள்.

செய்யக்கூடாதவை

1. “ரீலுக்கு 200 தரேன், நிறைய வேலை வரும்” என்று சொல்லாதீர்கள். ஃபுட்டேஜ் பார்ப்பது, வெட்டுவது, தமிழில் எழுத்து போடுவது, இரண்டு கரெக்‌ஷன் எல்லாம் சேர்ந்து 5 மணி நேரம் போனால் மணிக்கு 40 ரூபாய்தான் நிற்கும். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. சொந்தக் கம்ப்யூட்டர் போட்டு, கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்யும் வேலைக்கு அதைவிடக் குறைவாகத் தருவது எப்படி நியாயமாகும்? நிறைய வேலை வந்தால் நஷ்டமும் அவருக்கு நிறையத்தான் வரும். மாதம் 15 ரீல் உறுதியாகத் தர முடிந்தால் மாதச் சம்பளம்போல ஒரு தொகை பேசி, முதல் வாரமே கொடுங்கள். அப்போது அவரே விலை குறைப்பார்.

2. எல்லா வேலைக்கும் ஒரே ரேட் வைக்காதீர்கள். உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவை எடுக்கிறவர்கள் கூட்டத்துக்குள் கையில் பிடித்து எடுத்த ஃபுட்டேஜை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். ஆட்டம், இரைச்சல், பேட்டியில் பாதி காதில் விழாது. யாருடைய முகத்தைக் காட்டலாம், யார் வேண்டாம் என்று சொன்னார்கள் என்பதையும் பார்த்து வெட்ட வேண்டும். கடை விளம்பரத்துக்குப் பேசிய விலையை இதற்குப் பேசுவது தவறு.

3. இலவசச் சாம்பிள் கேட்காதீர்கள். பழைய வேலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சோதித்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு சின்ன நலங்கு வீடியோவைக் கொடுத்து அதற்கும் கூலி கொடுங்கள்.

4. “பார்ட்டி இன்னும் செட்டில் பண்ணல” என்று எடிட்டரின் பணத்தை நிறுத்தாதீர்கள். கல்யாண வீட்டாரிடம் ஒப்பந்தம் போட்டவர் நீங்கள். லாபம் வந்தால் அதில் அவருக்குப் பங்கு கொடுக்கிறீர்களா? சட்டமும் அவர் பக்கம் இருக்கிறது. உத்யம் பதிவு செய்த குறுந்தொழில் என்றால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்தில் தேதி பேசியிருந்தால் அதிகபட்சம் 45 நாள், பேசாவிட்டால் 15 நாளுக்குள் பணம் போக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. எடிட்டர்கள் செய்துகொள்வது நல்லது.

5. சினிமாப் பாட்டுப் பிரச்சினையை எடிட்டர் தலையில் கட்டாதீர்கள். கல்யாண மண்டபத்தில் பாட்டு போடுவதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதே பாட்டை ஹைலைட்ஸில் வைத்து யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். உரிமை வைத்திருப்பவர் கோரிக்கை வைத்தால் விளம்பர வருமானம் அவருக்குப் போகலாம், வீடியோவே முடங்கலாம். வேறு பாட்டு மாற்றச் சொன்னால் தாளத்துக்கு வெட்டியதை எல்லாம் மறுபடி வெட்ட வேண்டும். அது புது வேலை, புதுக் கூலி.

6. வெளிநாட்டுத் தளங்களில் தெரியும் விலை அப்படியே எடிட்டர் கைக்குப் போகிறது என்று நினைக்காதீர்கள். ஃபைவரில் நீங்கள் 1,000 ரூபாய்க்கு வேலை வாங்கினால் தளம் 20 சதவீதம் எடுத்துக்கொண்டு 800-ஐத்தான் கொடுக்கும். உங்களிடமும் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். ஊர்ப்பக்கத்தில் நம்பிக்கையானவர் ஒருவர் கிடைத்தால் அந்த 1,000-ஐ முழுதாக அவருக்கே கொடுக்கலாம்.

7. வேலை பாதியில் நின்றால் “வீடியோவே வேண்டாம்னுட்டாங்க” என்று கைகழுவாதீர்கள். எத்தனை நாள் உட்கார்ந்தார் என்று கேளுங்கள். அத்தனை நாள் கூலியைக் கொடுத்து, செய்தவரை உள்ள ஃபைலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்ற வீட்டார் முதல் திருமண நாளுக்கு முன்னால் வந்து கேட்கக்கூடும்.