கேள்வி கேட்ட சித்தூர் வக்கீல்

“அவனா? அவன் பெரிய எம்டன் ஆச்சே!”

இப்படிப் பேசுவதைப் பலர் கேட்டிருப்பார்கள். எதிராளியைக் கலங்க வைக்கும் ஆள் என்று இதற்குப் பொருள். எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர். முதல் உலகப் போர் நடந்த நேரம். 1914 செப்டம்பர் 22, இரவு. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்தது. துறைமுகத்தின் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்தியது. வந்த வேகத்தில் போய்விட்டது. பயந்து ஊரை விட்டு ஓடியவர்கள் பலர். கப்பல் போனது. பெயர் மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது.

பின்னாளில் அதே பெயர் ஒரு மனிதருக்கு வந்தது. அவரிடம் பீரங்கி இல்லை. கேள்விகள்தான் இருந்தன. ஐரோப்பிய எழுத்தாளர் ஒருவர் அவரை ‘சட்டசபையின் எம்டன்’ என்று சொன்னார். அவர் பெயர் அனந்தசயனம் அய்யங்கார். சித்தூர் வக்கீல்.

அவர் பிறந்தது 1891-ல், திருப்பதிக்குப் பக்கத்தில் உள்ள திருச்சானூரில். பத்மாவதித் தாயார் கோயில் உள்ள ஊர் அது. திருப்பதியில் பள்ளிப் படிப்பு. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மேல்படிப்பு. பிறகு சட்டம் படித்துச் சித்தூரில் வக்கீல் தொழில் செய்தார். அப்போது சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தில் இருந்தன. காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும், வக்கீல் தொழிலைச் சில காலம் நிறுத்தி வைத்தார்.

1934-ல் தேர்தல் வந்தது. டில்லியில் இருந்த மத்திய சட்டசபைக்கு அனந்தசயனம் உறுப்பினராகப் போனார்.

அது எப்படிப்பட்ட சபை? இன்றைய நாடாளுமன்றம் போன்றது அல்ல. வரி கட்டியவர், சொத்து உள்ளவர் போன்ற சிலருக்குத்தான் அன்று ஓட்டு. உறுப்பினர்கள் எல்லோரும் தேர்தலில் வந்தவர்களும் அல்லர். வெள்ளையர் அரசே நியமித்த உறுப்பினர்களும் உள்ளே இருந்தார்கள். சபை எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் அரசு விழாது. வைசிராய் நினைத்தால் சபையின் முடிவையே தள்ளி வைக்கலாம். 1923-ல் அப்படித்தான் நடந்தது. உப்பு வரியை இரண்டு மடங்கு ஆக்க அரசு விரும்பியது. சபை மறுத்தது. வைசிராய் ரீடிங் பிரபு தம் தனி அதிகாரத்தால் வரியைப் போட்டுவிட்டார். ஏழை வீட்டுக் கஞ்சியில் போடும் உப்புக்கு இந்த வரி!

அரசை இறக்க முடியாது. வரியைத் தடுக்க முடியாது. பிறகு எதிர்க்கட்சி உறுப்பினர் அங்கே என்னதான் செய்ய முடியும்?

கேள்வி கேட்க முடியும்.

கேள்வி கேட்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஓர் உதாரணம் பார்ப்போம். ரயில் நிலையத்தில் குடிநீர் இல்லை. மூன்றாம் வகுப்புப் பயணிகள் தவிக்கிறார்கள். “நிலையத்தில் தண்ணீர் வசதி உண்டா?” என்று உறுப்பினர் முதலில் எழுதிக் கேட்கிறார். “உண்டு” என்று அதிகாரி பதில் படிக்கிறார். சாதாரண ஆள் என்றால் அதோடு உட்கார்ந்து விடுவார். விவரம் தெரிந்தவர் விடமாட்டார். “எத்தனை குழாய்? அதில் தண்ணீர் வருவது எத்தனை? முதல் வகுப்புப் பயணிகளுக்கு எத்தனை?” என்று அடுக்குவார். இதற்குத் துணைக்கேள்வி என்று பெயர். முதல் கேள்விக்கு அதிகாரி பதில் எழுதிக்கொண்டு வரலாம். துணைக்கேள்விக்கு அங்கேயே, நின்ற இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வார். தெரியாது என்றால் வெட்கம். எது சொன்னாலும் குறிப்பில் ஏறும். மறுநாள் பத்திரிகையிலும் வரலாம்.

இந்த வேலையில் பேர் பெற்றவர் தீரர் சத்தியமூர்த்தி. அவரும் அப்போது அதே சபையில் இருந்தார். அவரோடு அனந்தசயனமும் எதிர்வரிசையில் இருந்தார். சட்டத்தைப் படித்துப் பழகிய வக்கீல் மூளை. கணக்கு விவரங்களைப் பொறுமையாகப் பார்க்கும் பழக்கம். எம்டன் என்ற பெயர் சும்மா வரவில்லை. சபையில் கேட்டதோடு அவர் நிற்கவும் இல்லை. 1940-ல் தனிநபர் சத்தியாகிரகத்திலும், அடுத்து 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்திலும் சிறை சென்றார்.

1947-ல் விடுதலை வந்தது. அரசு நம்முடைய அரசு ஆயிற்று. அனந்தசயனம் இப்போது ஆளும் கட்சிக்காரர். நம் ஆட்களே ஆளும்போது இனி எதற்குக் கேள்வி?

அவர் அப்படி நினைக்கவில்லை. 1950-ல் மதிப்பீட்டுக் குழு என்ற ஒரு குழு ஏற்பட்டது. அரசு கேட்கும் பணம் சரிதானா, வீண் செலவு உண்டா என்று பார்ப்பது அதன் வேலை. அமைச்சர்கள் இந்தக் குழுவில் இருக்கக் கூடாது. செலவு செய்பவரே செலவைச் சோதித்தால் அது சோதனையா? அந்தக் குழுவுக்கு அனந்தசயனம் தலைவராக இருந்தார்.

1952-ல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் முடிந்தது. அவர் மக்களவையின் துணை சபாநாயகர் ஆனார். 1956-ல் சபாநாயகர் மாவ்லங்கர் இறந்ததும் அந்த நாற்காலியில் அமர்ந்தார். 1957-ல் சித்தூர்த் தொகுதியில் வென்று மறுபடியும் சபாநாயகர். எந்தக் கேள்வியை அனுமதிப்பது, எதைத் தள்ளுவது என்பது சபாநாயகர் கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் எழுந்து நின்று கேட்டவர், இப்போது மற்றவர் கேட்க இடம் கொடுக்கும் ஆசனத்தில் இருந்தார்.

அந்த ஆண்டே பெரிய சோதனை வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டு, 1956-ல் எல்.ஐ.சி.யைத் தொடங்கியிருந்தது. தம் காலத்துக்குப் பிறகு பெண்டாட்டி பிள்ளைகள் கஷ்டப்படக் கூடாது என்று சிறுகச் சிறுக மக்கள் கட்டிய பணம் அது. அதில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு, முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கியது. 1957-ல் அது பெரும் தொகை. முதலீட்டைப் பற்றி யோசனை சொல்ல ஒரு குழு இருந்தது. அந்தக் குழுவைக் கேட்காமலே வாங்கினார்கள். முந்த்ராவோ பணமுடையில் இருந்தார்.

செய்தி மெல்லக் கசிந்தது. மக்களவையில் கேள்வி எழுந்தது. அரசுத் தரப்பு நழுவியது. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்தார். அவர் ஆளும் காங்கிரஸ் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன் வேறு. அன்றைய மக்களவையில் காங்கிரசுக்கு மிகப் பெரிய பலம். எதிர்க்கட்சிகள் சிறியவை. அதனால் எதிர்க்கட்சி செய்ய வேண்டிய வேலையை ஆளும் கட்சிக்காரரே செய்தார். தேதி, தொகை, கம்பெனி என்று விவரம் விவரமாக வைத்தார். மாமனாரின் அரசு என்று பார்க்கவில்லை.

அரசு விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா விசாரித்தார். மூடிய அறையில் அல்ல. எல்லோரும் வரலாம் என்று வைத்தார். கூட்டம் உள்ளே கொள்ளவில்லை. வெளியே நின்றவர்கள் கேட்க ஒலிபெருக்கி கட்டினார்கள். பெரிய அதிகாரிகளும் நிதி அமைச்சரும் சாட்சி சொல்ல வந்தார்கள். சில வாரங்களில் விசாரணை முடிந்தது. தம் துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று நீதிபதி சொன்னார். நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். நம் சென்னைக்காரர், கெட்டிக்காரர். இருந்தும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் கழித்து அவர் மறுபடி அமைச்சர் ஆனார். அது வேறு கதை.

அனந்தசயனம் 1962 வரை சபாநாயகராக இருந்தார். பிறகு பீகார் ஆளுநர். 1978-ல் காலமானார்.

மக்களவை கூடும் நாளில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். உறுப்பினர் 15 நாளுக்கு முன்பே கேள்வியை எழுதித் தர வேண்டும். வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் ஒரு நாளைக்கு 20. துணைக்கேள்வி இவற்றுக்கு மட்டும்தான். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். ‘எங்கள் ஊர் ஏரிக்கு வந்த பணம் எங்கே?’ என்று ஊர்க்காரர்கள் தங்கள் எம்.பி.க்கு எழுதினால், அவர் அதையும் கேட்கலாம். பணம் மத்திய அரசுப் பணமாக இருக்க வேண்டும். மாநில அரசின் பணம் என்றால் எம்.எல்.ஏ.விடம் போக வேண்டும்.

2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில் நாடாளுமன்றம் கூடியது. அந்தக் கூட்டத்தில் கேள்வி நேரம் வேண்டாம் என்று விட்டார்கள். எழுத்தில் மட்டும் பதில் வந்தது. எதிர்க்கட்சிகள் கடுமையாக எதிர்த்தன. எழுதிய தாளிடம் துணைக்கேள்வி கேட்க முடியுமா? 2021 தொடக்கத்தில் நடந்த கூட்டத்தில் கேள்வி நேரம் திரும்ப வந்தது.