ஐப்பசி மழையும் பூந்தொட்டியும்: தண்ணீரைத் தேங்க விடாதீங்க!

"ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா?" என்று பெருமை பேசும் ஊர் நம்ம மயிலாடுதுறை. ஐப்பசி பிறந்தால் துலாக்கட்டத்தில் காவிரி முழுக்கு. கூடவே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். கோடையில் வாடிக் கிடந்த செடியெல்லாம் தளதளவென்று துளிர்க்கும். வாசலில் நந்தியாவட்டை, திண்ணையோரம் குரோட்டன்ஸ், மொட்டை மாடியில் செம்பருத்தி, இட்லிப்பூ. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி, இல்லையா?

ஆனால், இதே மாதத்தில்தான் பல வீடுகளில் இரண்டு புகார்கள் எழுகின்றன. "நல்லா இருந்த செடி, இலை மஞ்சளாகி உதிருதே!" என்பது ஒன்று. "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்பது இன்னொன்று. இரண்டுக்குமே வடியாமல் நிற்கும் தண்ணீர் காரணமாக இருக்கலாம்.

இலை ஏன் மஞ்சளாகிறது?

வேருக்கும் காற்று வேண்டும். நம் டெல்டா மண்ணோ பெரும்பாலும் களிமண். நெல்லுக்கு அது கவலையில்லை. அதன் தண்டிலும் வேரிலும் காற்று போய்வர வழி இருப்பதால், தண்ணீரில் நின்றாலும் மூச்சு விடும். செம்பருத்திக்கும் காகிதப்பூவுக்கும் அந்த வசதி கிடையாது. வயல் மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பினால், அடைமழையில் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். நாம் என்ன செய்கிறோம்? "சத்து பத்தலை" என்று ஒரு பிடி யூரியாவைப் போட்டு, இன்னும் ஒரு சொம்பு தண்ணீரும் ஊற்றுகிறோம். செடி மிச்ச உயிரையும் விட்டுவிடுகிறது.

காய்ச்சல் எங்கிருந்து?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மணி பிளாண்ட் வளரும் பாட்டில், மூலையில் போட்ட உடைந்த தொட்டி என்று, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். கடிப்பதும் பெரும்பாலும் பகலில்தான். முட்டை கொசுவாகச் சுமார் 7 முதல் 10 நாள் போதும். பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டை, தண்ணீர் காய்ந்தாலும் பல மாதம் தாக்குப்பிடித்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவ வேண்டும்.

என்ன செய்யலாம்?

* தோட்ட மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம பங்கு கலந்து தொட்டியில் போடுங்கள். அடித்துளை அடைபடாமல் அதன்மேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வையுங்கள்.

* மழை முடியும்வரை அடித்தட்டுகளை எடுத்துவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

* விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மஞ்சளான செடிக்கு முதலில் வடிகால், உரம் பிறகு.

* காகிதப்பூ இப்போது இலையாகத் தழைத்தால் வருந்தாதீர்கள். மழை விட்டு வெயில் காய்ந்ததும் பூத்துக் குலுங்கும்.

* வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் நமக்கு உண்டே! அன்றே தட்டு, பாட்டில் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, மணி பிளாண்டுக்குப் புதுத் தண்ணீர் மாற்றுங்கள். வாரம் தவறாமல் செய்தால் கொசுவுக்கு வளர நாள் கிடைக்காது.

காய்ச்சல் வந்துவிட்டால்?

கையில் கிடைத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவை ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள், நீராகாரம் நிறையக் கொடுங்கள். காய்ச்சல் இறங்கியதும் "சரியாப் போச்சு" என்று இருந்துவிடவும் கூடாது. ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு போவது... இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மழை விட்டதும் குடையை மடக்கி வைத்துவிட்டு, ஒரு தடவை தொட்டிகளைச் சுற்றி வாருங்கள். அந்த ஐந்து நிமிஷம் போதும். மார்கழிக் கோலத்துக்குப் பூவும் இருக்கும். பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள்.