தேதி முடிந்த தண்ணீர் விஷமாகிவிடுமா?

பாட்டிலில் அச்சிட்ட தேதி நேற்றோடு முடிந்திருந்தால், சீல் உடைக்காத தண்ணீரை அப்படியே சிங்க்கில் கொட்டிவிடுபவர்கள் நிறையப் பேர். தேதி தாண்டினால் தண்ணீரும் பாலைப் போலக் கெட்டுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பாலில் சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் இருப்பதால் கிருமிகள் தின்று பெருகுகின்றன. முறையாகச் சுத்திகரித்து மூடிய தண்ணீரில் அவற்றுக்குத் தீனி மிகக் குறைவு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய தண்ணீருக்குக் காலாவதி வரம்பே விதிக்கவில்லை. நாளாக ஆக மணமும் ருசியும் மாறலாம் என்று மட்டும் சொல்கிறது.

அப்படியானால் தேதி எதற்கு என்று கேட்பது நியாயம். பாக்கெட்டில் விற்கும் உணவுக்குத் தேதி போட்டாக வேண்டும், அது முடிந்த பின் விற்கக் கூடாது என்பது இந்தியச் சட்டம். கடைக்காரர் அதை மீறக் கூடாது, நாமும் அத்தகைய பாட்டிலை வாங்கக் கூடாது. ஆனால் வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டில் அந்த நாளில் விஷமாகிவிட்டது என்பதற்கு அது சான்றல்ல. நாம் கவனிக்க வேண்டியது சூட்டைத்தான். பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும்போது வினையூக்கியாகச் சேர்க்கும் ஆன்டிமனி என்ற தனிமத்தில் சிறிதளவு பாட்டிலிலேயே தங்கி, சூடு ஏற ஏறத் தண்ணீரில் கசிகிறது. அது அமெரிக்க வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராமைத் தாண்ட 60 டிகிரி செல்சியஸில் 176 நாட்கள் ஆகும் என்றும், 80 டிகிரியில் 2.3 நாட்களே போதும் என்றும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் கணக்கிட்டார்கள். இருபது டிகிரி கூடியதற்கே இத்தனை வித்தியாசம்! பாட்டிலை வைக்கும் இடம்தான் முக்கியம்.

இதைப் படித்துவிட்டு, காரில் சூடான தண்ணீரை ஒரு வாய் குடித்தால் புற்றுநோய் வரும் என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பிவிட வேண்டாம். அதில் சொல்லப்படும் டையாக்சின் என்ற நச்சு பெட் பிளாஸ்டிக்கில் கிடையாது. சுத்தமான குடிநீர் கிடைக்காத ஊர்களில் பெட் பாட்டிலில் நீர் நிரப்பி, 6 மணி நேரம் நல்ல வெயிலில் வைத்துக் கிருமி நீக்குவது உலக சுகாதார அமைப்பே ஏற்ற முறை. நுண்பிளாஸ்டிக் பற்றிய கவலை மட்டும் பொய்யில்லை. ஒரு லிட்டரில் சராசரியாகச் சுமார் 2.4 லட்சம் துகள்கள் இருப்பதாகக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு 2024-ல் கண்டது. உடலுக்கு அவை என்ன செய்யும் என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் புதிதாக வாங்கிய பாட்டிலிலும் அவை உண்டு. தேதி பார்த்து அவற்றைத் தவிர்க்க முடியாது.

உண்மையான ஆபத்து மூடி திறந்த பிறகுதான் தொடங்குகிறது. வாய் வைத்துக் குடித்த பாட்டிலில் எச்சிலோடு கிருமிகளும் இறங்குகின்றன. ஓரிரு நாளில் அதைத் தீர்த்துவிட வேண்டும். திரும்பத் திரும்ப நிரப்பிவரும் 20 லிட்டர் கேனிலும், மாதக்கணக்கில் கழுவாத அதன் பம்பிலும் இன்னும் கவனம் வேண்டும். உள்சுவரில் பச்சை படிந்திருந்தால், தேதி எதுவானாலும் கேனைத் திருப்பி அனுப்புங்கள். தேதியைப் பொருட்படுத்தாமல் இருப்பது தண்ணீருக்கு மட்டும்தான்; பால், பன்னீர், பதப்படுத்திய இறைச்சிக்குத் தேதியை அப்படியே மதிக்க வேண்டும். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், வாடையும் காட்டாது. தண்ணீர் வாங்கும்போது, வாசல் வெயிலில் அடுக்கியதைக் கடைக்காரர் நீட்டினால், கடைக்குள் நிழலில் இருக்கும் பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள்.