ஏகாதசி நோன்பும் பாரணையும்

நோன்பு என்னும் சொல்லைக் கேட்ட அளவில், உணவை விடுதல் என்ற ஒன்றே நம்மில் பலருக்கு நினைவிற்கு வருகிறது. எப்போது விடுவது, எவ்வளவு விடுவது, மீண்டும் எப்போது ஏற்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை அறிந்து நோற்பதே நோன்பு. அறியாது கிடப்பது வெறும் பட்டினி. அட்டமியிலும் சதுர்த்தசியிலும் நோன்பு நோற்கும் நம் இல்லங்களுக்கு அடுத்த இல்லத்தில், இந்து சமயத்தினர் ஏகாதசி நோற்பதைக் காண்கிறோம். அதன் முறையை ஒழுங்காகக் கற்போமாயின், நோன்பின் பொது இலக்கணமே நமக்கு விளங்கும். எனவே இப்பாடம் ஏகாதசியைப் பற்றியது.

1. திதி என்பது யாது?

ஒரு வட்டம் வரைந்துகொள்ளுங்கள். அதன் நடுவில் நாம் நிற்பதாகவும், வட்டத்தின் மீது சூரியனும் சந்திரனும் செல்வதாகவும் கொள்க. இரண்டும் ஒரே திசையில் அமையும் நேரம் அமாவாசை முடியும் நேரம். சந்திரன் விரைந்து செல்வதால், கடிகாரத்தின் நிமிட முள் மணி முள்ளை விட்டு விலகுவதுபோல, சூரியனை விட்டு விலகிக்கொண்டே போகும். அவ்வாறு 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. முழு வட்டத்திற்கு 360 பாகை. ஆகவே ஒரு சந்திர மாதத்திற்கு 30 திதிகள்.

ஏகாதசி என்பதற்குப் பதினொன்று என்பது பொருள். விலகல் 120 பாகையிலிருந்து 132 பாகை ஆகும் வரை வளர்பிறை ஏகாதசி. 300 பாகையிலிருந்து 312 பாகை ஆகும் வரை தேய்பிறை ஏகாதசி. சந்திரனின் வேகம் எந்நாளும் ஒன்றாக இருப்பதில்லை. ஆதலால் ஒரு திதி சில சமயம் 19 மணி நேரத்திலும் முடியும். சில சமயம் 26 மணி நேரத்தையும் கடக்கும். சராசரி 23 மணி 37 நிமிடம். திதி விடியலில்தான் தொடங்கும் என்பதில்லை. நண்பகலிலும் தொடங்கலாம், நள்ளிரவிலும் தொடங்கலாம்.

2. இரண்டு பஞ்சாங்கம், இரண்டு நாள்

ஏகாதசி இன்று என்று ஒரு வீட்டாரும், நாளை என்று மற்றொரு வீட்டாரும் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். இவருள் ஒருவர் தவறு செய்தார் என்று எண்ணற்க. திதி எந்நேரத்திலும் தொடங்குமாதலால், எந்த நேரத்துத் திதியை அந்நாளின் திதியாகக் கொள்வது என்பதற்கு ஒரு விதி தேவைப்படுகிறது. ஸ்மார்த்தர் சூரிய உதயத்தைப் பார்ப்பர். வைணவருள் பலர் அதற்கு 4 நாழிகை முற்பட்ட அருணோதயத்தைப் பார்ப்பர். ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே 4 நாழிகை 96 நிமிடம்.

ஓர் எடுத்துக்காட்டு: சூரிய உதயம் காலை 6 மணி, தசமி முடிவது 5 மணி என்று கொள்வோம். உதய வேளையில் ஏகாதசி இருப்பதால் ஸ்மார்த்தர் அன்றே நோற்பர். அருணோதயமாகிய 4 மணி 24 நிமிடத்தில் தசமி எஞ்சியிருப்பதால், தசமி கலந்த அந்நாளை வைணவர் விலக்கி மறுநாள் நோற்பர். இருவரும் ஒரே வானத்தைப் பார்த்தே கணிக்கின்றனர், விதியே வேறு. இதனை அறிந்தால் வீண் வழக்கு ஒழியும்.

3. ஆண்டில் எத்தனை?

மாதத்திற்கு இரண்டாக ஆண்டுக்கு 24 ஏகாதசிகள். அதிக மாதம் வரும் ஆண்டில் 26. அவற்றுள் சில தனிச் சிறப்புடையன. ஆஷாட மாத வளர்பிறை ஏகாதசியில் திருமால் துயில் கொள்வதாகவும், கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசியில் விழித்தெழுவதாகவும் மரபு. ஆஷாட ஏகாதசிக்கு, ஞானேசுவரரின் பாதுகைகளை ஆளந்தியிலிருந்தும், துக்காராமின் பாதுகைகளைத் தேகுவிலிருந்தும் பல்லக்கில் ஏந்திக்கொண்டு, மராட்டிய மக்கள் மூன்று வார அளவு நடந்து பண்டரிபுரம் சேர்கின்றனர்.

தமிழகத்தில் பெரிதும் போற்றப்படுவது மார்கழி வளர்பிறையில் வரும் வைகுண்ட ஏகாதசி. திருவரங்கத்தில் பகல் பத்து நிறைவுற்று இராப்பத்துத் தொடங்கும் அந்நாளின் விடியலில் பரமபத வாசல் திறக்கப்பெற்று, நம்பெருமாள் அதன் வழியே எழுந்தருள்கிறார். அவ்விழா நாள்களில் அரையர்கள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தை அபிநயத்துடன் சேவிப்பர்.

மார்கழி சூரியனைக் கொண்டு கணிக்கப்படும் மாதம். ஏகாதசியோ சந்திரனை ஒட்டியது. 12 சந்திர மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாள்களே ஆதலின், ஆண்டுதோறும் அந்நாள் 11 நாள் அளவு முன்னே நகரும். அதிக மாதம் சேரும்போது மீண்டும் பின்னே செல்லும். 2018 டிசம்பர் 18 அன்று வந்த வைகுண்ட ஏகாதசி, அடுத்து 2020 ஜனவரி 6 அன்றே வந்தது. 2019ஆம் ஆண்டில் ஒன்றும் இல்லை. அதே 2020இல் டிசம்பர் 25 அன்று மீண்டும் ஒன்று வந்தது.

4. நோற்கும் முறை

இந்நோன்பு மூன்று நாள்களைத் தழுவியது. தசமியன்று ஒரு வேளை உணவு. ஏகாதசியன்று உபவாசம், வழிபாடு, இரவில் கண்விழிப்பு. துவாதசியன்று நீராடி வழிபட்டபின் பாரணை. 'உபவாசம்' என்ற வடசொல்லுக்கு அருகில் வசித்தல் என்பது பொருள். இறைவன் அருகில் இருத்தல் என்று விளக்குவர். ஐந்து அறிபொறி, ஐந்து தொழிற்பொறி, மனம் ஆகிய பதினொன்றையும் அடக்குதலே ஏகாதசி என்று பெரியோர் உரைப்பதும் உண்டு.

நீரும் அருந்தாது இருத்தல், நீர் மட்டும் அருந்துதல், பாலும் பழமும் கொள்ளுதல், தானியம் நீக்கி ஒரு வேளை உண்ணுதல் எனப் பல படிகள் வழக்கில் உள்ளன. பசி பொறாத வீமனுக்கு, ஜ்யேஷ்ட மாத வளர்பிறை ஏகாதசி ஒன்றையேனும் நீரின்றி நோற்குமாறு வியாசர் கூறினார் என்பது புராண மரபு.

இங்கு இரண்டு விதிகளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது: எட்டு வயதிற்கு மேற்பட்டு எண்பது நிரம்பாதவர்க்கே இவ்வுபவாசம் விதிக்கப்பட்டுள்ளது. இரண்டாவது: மகாபாரதத்தில் விதுரர், விரதத்தைக் கெடுக்காதன என எட்டினை எண்ணிக் காட்டுகிறார். நீர், கிழங்கு, பழம், பால், அவி, அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து என்பன அவை. மருந்து அவ்வரிசையில் இருப்பதை நம் முதியோர் அறிதல் வேண்டும். நோன்பு நாளில் மாத்திரையைத் தொடமாட்டேன் என்று பிடிவாதம் செய்வோர் எத்தனையோ இல்லங்களில் உளர். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாது உணவை விட்டால், இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே இடர் நேரக்கூடும். அப்பிடிவாதத்தை இந்நோன்பின் விதி கேட்கவில்லை.

5. பாரணை

பாரணை என்பது நோன்பை நிறைவு செய்யும் உணவு. அதற்கும் காலம் வரையறுக்கப்பட்டுள்ளது. துவாதசியின் முதற் கால்பகுதி 'ஹரிவாசரம்' எனப்படும். அது கழியும் வரை உண்ணலாகாது. துவாதசி முடிவதற்குள் உண்டாக வேண்டும். துவாதசி அதிகாலை 4 மணி 30 நிமிடத்தில் தொடங்கி 24 மணி நேரம் நீடிக்குமாயின், முதற் கால்பகுதி 10 மணி 30 நிமிடத்தில் முடியும், அதன்பின் பாரணை. மாறாக, உதயம் 6 மணிக்கும் துவாதசியின் முடிவு 6 மணி 40 நிமிடத்திற்கும் அமையுமாயின், பாரணைக்கு 40 நிமிடமே உண்டு. சமைத்து உண்ணப் பொழுது போதாதபோது நீரை அருந்தியேனும் பாரணை செய்வர். தமிழர் இல்லங்களில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகியவை துவாதசிச் சமையலில் இடம்பெறும்.

இன்னும் சிறிது நேரம் பட்டினி கிடந்தால் புண்ணியம் மிகும் என்று ஒருவர் எண்ணலாம். இந்நோன்பு அதனை ஏற்பதில்லை. உண்ணாதிருக்க வேண்டிய நேரத்தில் உண்பது எவ்வளவு பிழையோ, உண்ண வேண்டிய நேரத்தில் உண்ணாதிருப்பதும் அவ்வளவு பிழை.

6. அம்பரீடன் வரலாறு

இவ்விதியின் நுட்பத்தைப் பாகவதத்தின் ஒன்பதாம் கந்தம் ஒரு கதையால் காட்டுகிறது. அம்பரீடன் என்னும் அரசன் தன் தேவியுடன் ஓராண்டு துவாதசி விரதம் காத்து, கார்த்திகை மாதத்தில் அதனை நிறைவு செய்யும் வேளையில் துருவாச முனிவர் விருந்தினராக வந்தார். உணவுக்கு இசைந்து, யமுனையில் நீராடச் சென்றவர் நெடுநேரம் திரும்பவில்லை. துவாதசி முடிய அரை முகூர்த்தமே எஞ்சியது. அதாவது 24 நிமிடம். விருந்தினர்க்கு முன் உண்பது குற்றம். திதி கடந்தபின் உண்பதும் குற்றம். அரசன் அறிஞரைக் கலந்தான். நீர் அருந்துதல் உண்டதும் ஆகும், உண்ணாததும் ஆகும் என்ற முடிவின்படி நீரை மட்டும் அருந்தி முனிவருக்காகக் காத்திருந்தான்.

முனிவரோ அதனை அவமதிப்பாகக் கொண்டு சினந்து, அரசனை அழிக்க ஒரு பூதத்தை ஏவினார். திருமாலின் சக்கரம் அப்பூதத்தை எரித்து முனிவரைத் துரத்தியது. எங்கும் அடைக்கலம் பெறாத அவர், இறுதியில் அரசனிடமே வந்தார். அரசன் சக்கரத்தை வேண்டி அவரைக் காத்தான். இடையில் ஓராண்டு சென்றிருந்தது. அதுவரை அவன் நீரன்றி வேறு கொள்ளாமல், விருந்தினரின் வரவையே எதிர்நோக்கியிருந்தான். அவரை உண்பித்த பின்னரே தான் உண்டான்.

இக்கதையில் இருவரும் தவமுடையவரே. ஒருவரது தவம் சினமாயிற்று. மற்றவரது நோன்பு பொறுமையாயிற்று. நோன்பின் பயன் வயிற்றில் அன்று, நோற்றவர் பிறரிடம் நடந்துகொள்ளும் முறையில் தெரியும் என்பதே இதன் பொருள்.

7. நாம் கொள்ள வேண்டியது

பாரணை என்னும் சொல் நமக்கும் உரியது. நெடுநாள் உணவின்றி இருந்த ஆதிபகவனாகிய ரிஷபதேவர்க்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கருப்பஞ்சாறு அளித்த நாளையே அட்சய திருதியை எனப் போற்றுகிறோம். அங்கும் நோன்பு எவ்வாறு நிறைவெய்தியது என்பதே விழாவாயிற்று. நெறிகள் வேறாயினும், அளவறிந்து தொடங்கி அளவறிந்து முடிப்பது எல்லா நோன்புக்கும் பொது. அடுத்த வீட்டார் துவாதசிக் காலையில் விரைந்து உண்பதைக் கண்டு, பசி பொறுக்கவில்லை போலும் என்று நகையாதீர். அவர் உணவினாலேயே தம் நோன்பை நிறைவு செய்கிறார்.

பயிற்சி வினாக்கள்

1. உதயம் 6 மணி 30 நிமிடம். தசமி முடிவு 4 மணி 40 நிமிடம். ஸ்மார்த்தரும் அருணோதயத்தைப் பார்க்கும் வைணவரும் ஒரே நாளில் நோற்பரா? கணக்கிட்டுக் காண்க.
2. துவாதசி காலை 3 மணிக்குத் தொடங்கி 22 மணி நேரம் நீடிப்பின், ஹரிவாசரம் எப்போது முடியும்?
3. விதுரர் கூறிய எட்டினை வரிசையாக எழுதி, உங்கள் இல்லத்து முதியோர்க்குப் படித்துக் காட்டுக.