ஓடையைக் கடந்தால் வழுக்கும் பெல்ட்

கேள்வி: தோட்ட வேலைக்கு யூ.டி.வி. (பணிப் பயன்பாட்டு வாகனம்) ஓட்டுகிறேன். ஓடையைக் கடந்ததும் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பெல்ட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சி.வி.டி. (பெல்ட்டும் புல்லியும் கொண்ட தானியங்கி கியர் அமைப்பு) பெட்டிக்குள் தண்ணீர் புகுந்ததால் புல்லியில் பெல்ட்டுக்குப் பிடிப்பில்லை. கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பெல்ட் ஒரே இடத்தில் தேய்ந்து கருகிவிடும். சமதளத்தில் பிரேக் போட்டு நிறுத்துங்கள். சி.வி.டி. மூடியின் அடியில் வடிகால் அடைப்பான் இருந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு அதைக் கழற்றித் தண்ணீரை வடித்து, திரும்ப மாட்டுங்கள். பிறகு இன்ஜினை இயக்கி, நியூட்ரலில் வைத்து விட்டுவிட்டு ரேஸ் கொடுங்கள். புல்லி சுழலும் காற்றிலும் சூட்டிலும் பெல்ட் உலரும். லோ கியரில் மெதுவாகக் கிளப்புங்கள்.

அதன்பிறகும் வழுக்கினால் மூடியைத் திறந்து பாருங்கள். பெல்ட்டின் பக்கவாட்டுப் பரப்பு கண்ணாடிபோல் மின்னினாலோ விரிசல் தெரிந்தாலோ மாற்றியே ஆகவேண்டும். மூடியின் ரப்பர் சீலையும் காற்றுக்குழாய் இணைப்பையும் சரிபாருங்கள். தண்ணீர் அவ்வழியே நுழையலாம்.